மஞ்சள் விளக்கு

கார் சாவியைத் திருப்பினாள். எல்லா விளக்குகளும் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன.

ஒன்று மட்டும் அணையவில்லை.

மஞ்சள் நிறம். ஸ்பானர் படம்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி வீட்டுக்குள் போனாள். காய்கறிப் பைக்குப் பதிலாகப் பெரிய தோள்பையை எடுத்து வந்தாள்.

காரோடு வந்த புத்தகத்தை அவள் ஒருத்திதான் அந்த வீட்டில் படித்திருந்தாள். மூக்கு வைத்த எண்ணெய் டப்பா சிவப்பில் எரிந்தால் எஞ்சினுக்கு ஆயில் ஏறவில்லை, அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும். மஞ்சளில் ஸ்பானர் எரிந்தால் சர்வீஸ் நாள் வந்துவிட்டது. ஓட்டலாம். ஓட்டிக்கொண்டு போய் விட வேண்டும்.

பத்தாயிரம் கிலோமீட்டர், அல்லது ஒரு வருடம். எது முந்துகிறதோ அது.

கிலோமீட்டர் முந்துவதற்கு வழியில்லை. மார்க்கெட், சர்ச், மாமியாரின் டாக்டர். வண்டி அதைத் தாண்டிப் போனதில்லை.

தோஹாவுக்கு வேலைக்குத் திரும்பும் முன் அவள் கணவன் ஜெபசிங் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கருவியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தான். கார் எங்கே நிற்கிறது என்று அவன் போனில் ஒரு புள்ளி காட்டும். தெரு மாறினால் கூப்பிடுவான். முன்வீட்டில் அவனுடைய அண்ணன்.

நடந்து போனால் அண்ணன் கேட்பார். காரில் போனால் கணவன் கேட்பான்.

சர்வீஸுக்கு விட்ட அன்று மட்டும் புள்ளி பகல் முழுக்க வெளியே ஒரே இடத்தில் நிற்கும். நகராததற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் போனில் ஆக்னஸிடம் பேசியிருந்தாள். கல்லூரித் தோழி. இப்போது விருதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறாள்.

"மேத்ஸுக்கு ஆள் இல்ல. ஹாஸ்டல்ல ரூம் தருவாங்க. நீ வந்து சேரு, போதும்" என்றிருந்தாள்.

காரை வெளியே எடுத்தாள். அண்ணன் எட்டிப் பார்த்தார். விளக்கைக் காட்டினாள். தலையாட்டினார்.

சர்வீஸ் சென்டர் பைபாஸில் இருந்தது. இசக்கிராஜ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒருவர் வந்து பானெட்டைத் திறந்தார். ஆயில் குச்சியை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார். விரலில் தடவிப் பார்த்தார். உள்ளே குனிந்து ஓடிய கிலோமீட்டரையும் பார்த்தார்.

"வண்டி ஓடவே இல்லயே மேடம். ஆயில் நல்லாத்தான் இருக்கு. லைட்ட மட்டும் அமத்தித் தாரேன். டீ குடிக்கிற நேரம்தான், எடுத்துட்டுப் போயிரலாம்."

இப்படி ஒன்றை அவள் யோசித்திருக்கவில்லை.

"வருசம் ஆயிட்டுல்லா. மாத்திருங்க."

"தேவப்படாது மேடம்."

"ஓடாம நின்னாலும் ஆயில் கெட்டுப் போவும். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"சரி, மாத்துனாலும் ஒரு மணி நேரந்தான்."

ஒரு மணி நேரத்தில் விருதுநகர் போகிற பஸ் வழியிலுள்ள கயத்தாறைக்கூடத் தாண்டியிருக்காது. அதன் பிறகும் புள்ளி அசையாமல் நின்றால் அண்ணன் பைக்கில் வந்து நிற்பார்.

"வேற எல்லாம் பாருங்க. பிரேக்கு, டயரு, எல்லாம். மெதுவாப் பாருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில்தான் எடுக்க வேண்டும். அது ஜெபசிங்கின் ஏற்பாடு. பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று அவனுக்குக் கேட்க வேண்டும்.

"சிக்னல் பக்கத்துல எதுக்கு நின்ன?"

"செவப்பு விழுந்துட்டுங்க."

"அவ்வளவு நேரமா? யாருகூட பேசிட்டு நின்ன?"

"யாருமில்ல."

"கார் கம்பெனிக்காரன் பக்கத்துல நிக்கானா? குடு அவன்ட்ட."

நீட்டினாள். இசக்கிராஜ் விரல்களைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"தம்பி, அது ஓடாத வண்டி. லைட்ட அமத்திட்டு ஒடனே அனுப்பி விடுங்க. வீட்ல வேல கெடக்கு அவளுக்கு."

இசக்கிராஜ் அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். ஜிப் முழுதாக மூடவில்லை. மடித்த சேலைகளுக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் பட்டமளிப்புச் சான்றிதழின் ஓரம் தெரிந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஹலோ? கேக்குதா?"

"கேக்குது சார். ஆயில் மாத்தணும். வருசம் கழிஞ்சிட்டு. பிரேக்கையும் கழத்திப் பாக்கணும். சாயங்காலம் ஆயிரும்."



"அவ அதுவர அங்கயே இருப்பாளா?"

"இங்கதான் இருக்காங்க சார். உள்ள ரூம்ல உக்காந்திருக்காங்க. இங்க சத்தமா இருக்கும், போன்ல பேச முடியாது. வேல முடிஞ்சதும் நானே கூப்புடுதேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். காரில் ஏறி, வண்டியைத் தூக்கும் லிஃப்டை நோக்கி ஓட்டிப் போனார்.

காத்திருப்போர் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாருமில்லை. சுவரோரம் போனை சார்ஜில் போட்டாள். திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

கண்ணாடி வழியே பார்த்தாள். கார் மெல்ல உயர்ந்தது. நான்கு சக்கரங்களும் தரையை விட்டு எழும்பின.

இசக்கிராஜ் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்தாள். வெயில். எதிர்ப்புறம் விருதுநகர் வழியாகப் போகும் மதுரை பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

கையைக் காட்டினாள்.

ஓடினால் யாராவது பார்ப்பார்கள். நடந்தே சாலையைக் கடந்தாள்.