அறுபத்தோராம் கவர்

காய்ந்த செடிகளைப் பாதுகாத்து வைக்கும் எங்கள் காலேஜ் ஹெர்பேரியத்தில் காளான்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு இரும்பு பீரோ. சாவி என்னிடம்தான். அதில் அறுபத்தோராம் கவரில் இருப்பது, வேப்பந்தட்டைக்கு மேற்கே மலைச்சரிவில் நானே பறித்த காட்டுப் பால்காளான். கடையில் விற்கிற பால்காளான் இல்லை. இதை வெட்டினால் நிஜமாகவே பால் வடியும். எந்தக் காளானையும் பறித்த அன்றே நெடுக இரண்டாக வெட்டி, நன்றாகக் காயவைத்துத்தான் கவரில் போடுவேன். எல்லாக் கவரிலும் இரண்டு பாதிகள் இருக்கும்.

அறுபத்தொன்றில் மட்டும் முழுக்காளான் இருந்தது.

"செல்லதுரை, இதுல எதுக்கு வேற காளான போட்டீங்க?"

லேப் அசிஸ்டென்ட் செல்லதுரை அசரவில்லை. "நான் தொடவே இல்லீங்க மேடம். போன வாரமும் இதத்தான் கேட்டீங்க. அப்பறம் நீங்கதான் திரும்ப வெட்டி வச்சீங்க."

அது உண்மைதான். அடுத்த வாரம் திருச்சியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார்கள். ஒரு காளானோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. எரிச்சலில் பிளேடை அழுத்தியதில் காளானோடு சேர்த்து என் விரலும் அறுபட்டது. செல்லதுரை பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். இரண்டு பாதிகளையும் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, பீரோவைப் பூட்டினேன்.

திங்கட்கிழமை திறந்தேன். கையெழுத்து கலையாமல் இருந்தது. உள்ளே முழுக்காளான்.

"செல்லதுரை!" என்று கத்தினேன். பிளாஸ்திரி வேறு ஈரமாகி நசநசத்தது. பிய்த்து எறிந்தேன்.

விரலில் வெட்டுக்காயமே இல்லை. அழுத்திப் பார்த்தேன். நகக்கண்ணிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு வடிந்தது.