கேமராவுக்குக் கீழே

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு நான்காம் வகுப்பின் திரையில், வீடியோ அழைப்பில், ஜப்பானியப் பள்ளி ஒன்று தெரிந்தது. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பாடம், மனித மாண்பு. மூன்று வாரமாக அதற்குத் தயாராகியிருந்த அமுதவல்லி டீச்சர், வகுப்புகளைப் பெருக்கித் துடைக்கும் பவுனம்மாளிடம் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்: “பாடம் முடியறவரைக்கும் இந்தப் பக்கம் வந்துடாதீங்க.”

பாதியில் யாழினியின் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது.

“டீச்சர், தண்ணி வயர்கிட்ட போவுது! ஆயாவக் கூப்புடுங்க!”

டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசலைப் பார்த்துக் கையசைத்தார். பவுனம்மாள் கேமராவில் படாமல் உடம்பை இரண்டாக மடித்துக்கொண்டு வந்து துடைத்தார். துணியைப் பிழிய நிமிர்ந்தபோது அவர் முகம் திரையில் விழுந்துவிட்டது. டீச்சருக்குத் திக்கென்றது.

ஜப்பானிய வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகளும் எழுந்தார்கள். பெரியவர் யார் வகுப்புக்குள் வந்தாலும் செய்வதைப் போல, கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். இங்கே பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. முதலில் யாழினி எழுந்தாள், பிறகு எல்லோரும். கடைசியாக டீச்சரும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

பவுனம்மாள் பதறிப்போய், ஈரத்துணியோடு சுவரோரம் ஒதுங்கி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு டீச்சர் வர்றது? எச்.எம். ஐயாவா?”