கல்யாணமாகாத மகள்

"நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா உங்க கார்டு போயிடுமுங்களா?"

"போயிடும்."

"அதெப்படிங்க? வியாதி கூடவே வருமாம், கார்டு மட்டும் பொறந்த வீட்டோட நின்னுக்குமாம்?"

"அது அப்பாவுக்கு மில்லுல குடுத்த ஆஸ்பத்திரி கார்டுங்க. அதுல என் பேருக்குப் பக்கத்துல 'கல்யாணமாகாத மகள்'னு போட்டிருக்குதுங்க. அதனாலதான் ஊசி."

அவன் இளநீரைக் கீழே வைத்தான்.

"அப்ப கார்டைத்தான் மாத்தோணும்."

பஞ்சரான ட்யூபை மாற்றுவதுபோலச் சொன்னான். அவனுக்கு சைக்கிள் கடை. அவனிடம் எந்த அட்டையும் கிடையாது.

அவள் சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு அவன் கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை. கேட்டால் அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கார்டை மாற்றும் வேலையில் இறங்கிவிட்டான்.

விளையாட்டுக்குச் சொன்னான் என்றுதான் அவள் முதலில் நினைத்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு மெகாபோனோடு வந்து நின்றான்.

"எல்லாருக்கும் கார்டு வேணும்னு சந்தையில நான் பேசினா ஆளுங்க ஓடிப்போயிருவாங்க. நீங்க பேசுங்க. நான் புடிச்சுக்கறேன்."

அப்படி எத்தனை சந்தைகள். எத்தனை வெயில்.

அவள் எல்லோருடைய கதையையும் சொல்வாள். பிரசவத்துக்குத் தாலியை விற்றவள். சம்பளம் கொஞ்சம் கூடியதால் அட்டையை இழந்த டிரைவர். மில் மூடியதும் மருந்தை நிறுத்திய தறிக்காரர்.

தன் கதையை மட்டும் சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மில்லில் கடைசி நாள். மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தார். அப்பா வேலையில் இல்லாவிட்டால் அட்டையில் மகளுக்கும் இடமில்லை.

மாதம் ஒரு ஊசி. அது இருந்தால் அவள் விரல்கள் மடங்கும். இல்லாவிட்டால் தன் தலையைத் தானே பின்ன முடியாது.

இன்று காலை அவள் தானே பின்னினாள். பூவும் வைத்தாள். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்டு போச்சேன்னு நான் சோறு எறங்காம உக்காந்திருக்கறேன். நீ என்ன சாமி, விசேச வீட்டுக்குப் போற மாதிரி கெளம்பிட்ட?"

"சந்தைக்குத்தானுங்கப்பா."

சந்தையில் நல்ல கூட்டம். தக்காளிக் கூடைகளுக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தது. அவன் ஒரு பழைய சாக்கை விரித்து, அதன் மேல் அவளை நிற்கச் சொன்னான். தரை சுட்டது.

மெகாபோனைக் கண்டதும் கருவாட்டுக்காரம்மா முழங்காலைத் தடவினாள்.

"தைலமா அம்மிணி, லேகியமா?"

"ரெண்டும் இல்லீங்கக்கா. ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரிய மைக்கு வெச்சு விக்கறீங்களா? கிலோ என்ன வெலை?"

"வெலையே இருக்கக் கூடாதுங்கறதுதான் நாங்க சொல்றதுங்க."

பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு நின்றார். சிரிக்கிற கூட்டம் கேட்கும். இத்தனை சந்தையில் அவள் கற்றது அது.

அவன் மெகாபோனை அவள் வாய்க்கு நேரே பிடித்தான்.

இன்று அவள் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"என் பேரு அமராவதி. எனக்கு மூட்டுவாதம். நான் கல்யாணமாகாத மக. அதனால இத்தனை வருசம் எனக்கு ஊசி கெடைச்சுது. எங்கப்பா வெள்ளிக்கெழம ரிட்டையர் ஆயிட்டாரு. இனி கெடைக்காது. வலி ரிட்டையர் ஆகலீங்க."

தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார்.

"நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே கார்டு. கட்டறது சர்க்காரு, நாம குடுக்கற வரியில இருந்து. ஆஸ்பத்திரிக்குப் போனா நீ யாரு மக, யாரு பொண்டாட்டி, எந்த மில்லு, என்ன சம்பளம்னு கேக்கக் கூடாது. எங்க வலிக்குதுன்னு மட்டும் கேக்கோணும்."

"கேக்கோணும்," என்றார் மூட்டை தூக்குகிறவர். அவரை யாரும் கேட்கவில்லை. தானாகச் சொன்னார். பின்னாலிருந்து இன்னும் சில குரல்கள் சேர்ந்துகொண்டன.

கருவாட்டுக்காரம்மா எழுந்தே வந்துவிட்டாள்.

"அதெல்லாம் வர்றப்ப வரட்டும் கண்ணு. இந்த மாசம் ஊசிக்கு என்ன பண்ணுவ?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போவேனுங்கக்கா. ஊசி இல்லைன்னாங்கன்னா வாசல்லயே உக்காந்துக்குவேன். குடுக்கற வரைக்கும் பேசுவேன். பேசறதுக்குத்தான் இத்தனை நாளாப் பழகியிருக்கறேனே."

"தனியாவா?"

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள்.

கூட்டம் முடிந்தது என்று நினைத்து அவன் மெகாபோனை வாங்கக் கை நீட்டினான். அந்தக் கையில் எப்போதும் போல ரப்பர் பசை ஒட்டியிருந்தது. வெயிலில் முகம் கறுத்திருந்தது. சாக்கு அவளுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. அவன் சுடுகிற தரையில் நின்றிருந்தான்.

அவள் கொடுக்கவில்லை.

"இருங்க. இன்னொரு கோரிக்கை இருக்குது."

அவன் குழம்பினான். அவர்களிடம் இருந்தது ஒரே கோரிக்கைதான்.

"இது சர்க்காருக்கு இல்லீங்க," என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். மெகாபோனைக் கீழே இறக்கவில்லை.

"சென்னியப்பா, என்னைக் கட்டிக்கறீங்களா?"