காலிப் பெட்டி

கறுப்புக் கண்ணாடி அம்மாள் இன்றைக்கும் வந்துவிட்டாள். தலையைச் சுற்றிச் சால்வை, தோளில் பெரிய கைப்பை. வழியில் எங்கும் நிற்காமல் நேராகத் தங்கக் காசுக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

காவல்காரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சிக்கப்போகும் முதல் திருடி! வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

“அண்ணே, உங்க ஆளு வந்தாச்சு.”

“என் ஆளா? டிக்கெட் கிழிச்சுக் குடுத்ததோட சரி,” என்றார் வாசலில் இருந்த டிக்கெட்காரர். “வெயிலுக்குக் கண்ணாடி போட்டிருப்பாங்கம்மா.”

“உள்ள வெளிச்சம் பத்தாம நானே தடவிக்கிட்டு நடக்கறேன். இங்க எதுக்குண்ணே கறுப்புக் கண்ணாடி?”

அது வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய நாணயச்சாலை, இப்போது அருங்காட்சியகம். கோட்டை மாதிரிச் சுவர்கள், கம்பி போட்ட சின்னச் சன்னல்கள், காசு அடித்துத் தள்ளிய ராட்சத இயந்திரங்கள். வருகிறவர்கள் எல்லாம் அந்த இயந்திரங்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த அம்மாள் மட்டும் எதையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காவல்காரியின் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் முன்னால் போய் நின்றால் நின்றதுதான்.

அந்தப் பெட்டியோ காலி. காசுகளைச் சுத்தம் பண்ண அனுப்பியிருந்தார்கள். உள்ளே கருநீல வெல்வெட் துணி மட்டும் விரித்துக் கிடந்தது.

“காலிப் பெட்டியில என்னத்தம்மா திருடறது?”

“நாளைக்குக் காசு திரும்பி வருதுல்ல? முன்கூட்டியே நோட்டம் விடறாங்கண்ணே!”

அந்த நேரம் பார்த்து அவளுடைய கைபேசி துடித்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் அவளுடைய காதலன்.

“உங்க வீட்டுல பேசிட்டியா?” என்று கிசுகிசுத்தாள்.

“போன வாரமே சொல்லிட்டேன். அம்மா சரின்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. பேச்செடுத்தா சித்தி வீட்டுக்குன்னு கிளம்பிடறாங்க.”

“என்னைப் பிடிக்கலைபோல. சரி, வை. இங்க ஒரு திருடியைப் பிடிக்கணும்.”

“திருடியா? ஏய், பார்த்து…”

வைத்துவிட்டாள். அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நாற்காலியிலிருந்து பூனைபோல் நழுவி, இயந்திரம் ஒன்றின் பின்னால் பதுங்கினாள்.

அவ்வளவுதான், அம்மாள் தவித்துப்போனாள். பெட்டியின் இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள். கடைசியில் இரண்டு கைகளையும் பெட்டிமேல் ஊன்றி, மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தாள்.

பெட்டி காலி என்பது அபாய மணிக்குத் தெரியுமா? அது ஊரையே கூட்டியது. இரும்புக் கதவுகள் தடால் தடாலென்று மூடிக்கொண்டன. சுற்றிப் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் “ஹே!” என்று கைதட்டிக் குதித்தார்கள். இதுவும் டிக்கெட்டில் சேர்த்தி என்று நினைத்து ஒருவர் வீடியோ எடுத்தார்.

காவல்காரி பாய்ந்து வந்து அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். “அசையக் கூடாது!”

“ஐயோ, விடும்மா! வளையல் உடையுது!”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. பையைக் கொட்டுங்க!”

அம்மாள் தயங்கினாள். காவல்காரியே கொட்டினாள். சீப்பு, குடை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், அட்டை அட்டையாக இருமல் மாத்திரை. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர்கூட இல்லை.

மூச்சு வாங்க ஓடிவந்தார் மேலாளர். “பெரியவங்கம்மா, விட்டுடு! பெட்டியிலதான் ஒண்ணுமே இல்லையே!”

“நாளைக்குக் காசு காணாமப் போனா நீங்களா சார் பதில் சொல்வீங்க?” அவளுடைய பிடி இன்னும் இறுகியது. “ஜனாதிபதியே வந்து சொன்னாலும் விடமாட்டேன்.”

மேலாளர் இரண்டடி பின்வாங்கினார். அம்மாளுக்கோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பிடிபட்ட கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“சிரிக்காதீங்க! தினமும் வந்து அந்தக் காலிப் பெட்டியில அப்படி என்னதான் பார்த்தீங்க?”

அம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நேரா உன்னைப் பார்த்தா முறைக்கறே. அந்தப் பெட்டிக் கண்ணாடியில நீ உட்கார்ந்திருக்கறது பளிச்சுன்னு தெரியுது.”

“நானா? என்னை எதுக்குப் பார்க்கணும்?”

அம்மாள் பிடிபட்ட கையை விடுவித்துக்கொள்ளவே இல்லை. இன்னொரு கையால் காவல்காரியின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

“எங்க வீட்டுச் சாவிக்கொத்து இனிமே உன்கிட்டதான், மருமகளே!”