நூறு வரைக்கும்

முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது.

ஒரு கையால் வத்தைப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய நீரில் மிதந்தபடி அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். கீழே, இரண்டாள் ஆழத்தில், நம்புசெல்வி கடல்பாசி பறிக்கிறாள். அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி.

பாசிக்குப் போகிற பெண்களின் வழக்கம் இது. ஒருத்தி முங்கினால் இன்னொருத்தி மேலே இருந்து எண்ண வேண்டும். நாற்பதுக்குள் தலை தெரியாவிட்டால் இறங்கிப் பார்க்க வேண்டும்.

நாற்பது.

அவள் இறங்கவில்லை.

இறங்கக் கூடாதென்று நம்புவே சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஐப்பசிப் புயலில் கொழுந்தன் மூன்று நாள் கரை திரும்பவில்லை. நாலாம் நாள் வந்து சேர்ந்தான். குளித்தான், மீன் குழம்பு ஊற்றி வயிறு முட்டத் தின்றான், தூங்கியும் போனான். நம்புவின் நெஞ்சுதான் கரை திரும்பவில்லை. பாத்திரம் விழுந்தால் நடுங்கினாள். காற்று கொஞ்சம் வீசினால் வாசலில் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, பதட்டம்தான் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் மூச்சுப் பயிற்சி முகாம் போட்டார்கள். இரண்டு பேரும் போனார்கள்.

வேகவேகமாக முப்பது மூச்சு இழுத்து விட வேண்டும். கடைசி மூச்சை உள்ளேயே அடக்க வேண்டும். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் செய்யலாம் என்றார் வாத்தியார். நல்ல மனுஷன். இவர்களுக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை.

நம்பு தூங்கினாள். மூன்று மாதம் கழித்துச் சிரித்தாள். பொய் சொல்லக் கூடாது, அந்த மூச்சுதான் அவளை வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது.

ஐம்பத்திரண்டு.

அதோடு விட்டிருக்கலாம். வத்தையில் உட்கார்ந்து, முங்குவதற்கு முன்பும் அதையே செய்ய ஆரம்பித்தாள். புஸ் புஸ்ஸென்று அவள் ஊதுவதைப் பார்த்து மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சாக்கு நிறைந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். எழுபது வரைக்கும் கீழே நிற்கிறாளே!

முதல் நாள் நாற்பதிலேயே இவள் பதறியடித்து இறங்கி, நம்புவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மேலே வந்ததும் நம்பு கத்திய கத்தல் இருக்கிறதே!

"நெஞ்சு முட்டுனா நானே வரமாட்டேனா? எனக்கு இப்பல்லாம் முட்டவே மாட்டேங்குதுக்கா. நூறு வரைக்கும் நீ கீழ வரப்படாது. ஆத்தா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். என்ன புத்தியோ.

முட்டவே மாட்டேன் என்கிறதாம். இருபது வருஷமாக இவள் முங்குகிறாள். கடலுக்கடியில் ஒரு பொம்பளைக்கு வேறு என்ன காவல் இருக்கிறது? நெஞ்சு முட்டும். முட்டினால் மேலே வர வேண்டும். அவ்வளவுதான்.

அறுபத்தெட்டு.

வாடைக் காற்றில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. முங்குகிற கண்ணாடியை நீரில் அழுத்திப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. மற்ற பெண்கள் பாருக்கு, அந்தப் பாறைத்திட்டுக்கு, அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கூப்பிட்டால் கேட்காது.

எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. எழுபத்துமூன்றுஎழுபத்துநாலு.

வேகமாக எண்ணிப் பார்த்தாள். ஆத்தாவையே ஏமாற்றுவதா? பயந்துபோய் மறுபடி நிதானமாக எண்ணினாள்.

எண்பத்தொன்று.

குமிழிகள் வந்தன.

ஒன்றிரண்டாக இல்லை. மொத்தமாக.

மூச்சை யாரும் கீழே விடமாட்டார்கள். மேலே வந்து, தலையைத் தூக்கித்தான் விடுவார்கள்.

சத்தியமாவது மண்ணாவது! முங்கினாள்.

பாதி ஆழம்கூடப் போகவில்லை. நெஞ்சு அடித்த அடியில் மூச்சு உள்ளே நிற்கவில்லை. மேலே வந்து இருமினாள். மறுபடி முங்கினாள். மறுபடியும் மேலே. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுகிறவளால் முங்க முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

மெதுவாக ஒரு மூச்சு இழுத்தாள். மெதுவாக விட்டாள்.

கீழே ஒருத்தி கிடக்க, மேலே இருந்து நிதானமாக மூச்சு விடுவதா? பாவி, பாவி என்று மனசு கத்தியது. கத்தட்டும் என்று விட்டாள்.

இரண்டாவது மூச்சு. இருமல் அடங்கியது.

மூன்றாவதை அடக்கிக்கொண்டு இறங்கினாள்.

பாறையோரம், சாக்கின் கனத்தில் சாய்ந்து கிடந்தாள் நம்பு. கண்ணாடிக்குள் கண் திறந்திருந்தது. முகத்தில் துளி பயம் இல்லை. புயலுக்கு முன்னால் இருந்த அதே முகம்.

இடுப்பு முடிச்சை இழுத்து அவிழ்த்துச் சாக்கை உதறினாள். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். காலால் பாறையை உதைத்தாள்.

மேலே வந்ததும் நம்புவின் தலை அவள் தோளில் தொங்கியது. கன்னத்தில் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நம்புவின் மூக்கருகே காதை வைத்தாள்.

இரைப்பு கேட்டது. அது அவளுடைய இரைப்பா, நம்புவுடையதா?

தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.