சிரித்தால் ஏறும் சந்தா

படம் பார்ப்பவரின் முகத்தை டிவியே கவனித்து, ரசிப்புக்கு ஏற்ப மாதச் சந்தாவை உயர்த்தத் தொடங்கியதும், குடியிருப்பில் பலர் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். சிலர் இணைப்பைத் துண்டித்தார்கள். பரிதியால் முடியவில்லை. மனைவி இறந்தபின், யானைக்குட்டிப் படம் ஓடினால்தான் மகள் ஆதிரை சாப்பிட்டாள். அதனால் முகத்தை அசைக்காமல் பார்க்க அவளைப் பழக்கினான். தானும் பழகிக்கொண்டான்.

"நேத்து உங்க வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே தம்பி, இந்த மாசம் பில்லைத் தீட்டிட்டானா?" என்று எதிர்வீட்டு ரெஜினா கிண்டலடித்தாள்.

"அது மேல் வீடுக்கா."

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஆதிரை ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் செருப்புவரை வழிந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. பரிதி ஓடிவந்து அவள் முன் மண்டியிட்டான்.

"வலிக்கலையாடா?"

"ரொம்ப வலிக்குதுப்பா."

"அப்ப அழு கண்ணு. இங்க டிவி எதுவும் இல்ல."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு அவன் காதருகே வந்தாள்.

"எப்படின்னு மறந்துபோச்சு. நீங்க அழுது காட்டுங்கப்பா."

பரிதி முயன்றான். உதடுகூட நடுங்கவில்லை. ஆதிரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.