என் தறியில் அக்கா

"உங்க அண்ணிக்கு அவங்க தறி பத்தலையாம். மறுபடியும் என் தறியில உக்காந்துகினு இருக்காங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் வெற்றிச்செல்வன் தலை நிமிரவில்லை.

"உனக்குக் கைக்குழந்தை. உதவி பண்றாங்க. அது கூட பேஜாரா உனக்கு?"

"உதவியா? நல்லா நெய்யறான்னு முதலாளி ஒருதரம் என்னைச் சொன்னாரில்ல? அன்னைக்குப் பிடிச்சது இது."

ராதிகா தண்ணீர்ச் செம்பை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள். ஒரே கூடத்தில் இரண்டு தறி. ஒன்று ஓரகத்தி சுபலட்சுமிக்கு, இன்னொன்று இவளுக்கு. தேவிகாபுரத்திலிருந்து ஆரணிக்கு வாழ வந்த இடத்தில், தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்தத் தறி ஒன்றுதான் இருந்தது. பிரசவத்துக்குப் போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்து மூன்று மாதம். அதற்குள் சுபலட்சுமி அதையும் பிடுங்கப் பார்க்கிறாள்.

தறி மட்டுமா? கத்தரிக்கோலைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினால், சுபலட்சுமி நேராகப் போய் அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பாள்.

"இங்க யாருக்கா வெச்சது?"

"யாரோ வெச்சாங்க. விடு."

யாரோவாம்! ஒளித்து வைத்தவளுக்குத்தானே இடம் தெரியும்?

போன வாரம் சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. ராதிகா போட்டது ஒரு தடவைதான், கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவாள். குழந்தைகூட இப்போதெல்லாம் பெரியம்மாவைப் பார்த்தால்தான் சிரிக்கிறது.

இதெல்லாம் போதாதென்று கேள்வி வேறு.

"ராதிகா, நேத்து என்னடி கொழம்பு வெச்சோம்?"

"ஏன்க்கா, பரீட்சை வெக்கிறீங்களா?"

"சும்மா சொல்லேன்."

ராதிகா யோசித்தாள். வரவில்லை. "தின்னு முடிச்சதை யாரு ஞாபகம் வெச்சிகினு இருப்பாங்க?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலையில் சுபலட்சுமி வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரியா? ரத்தம் குடுக்கணும். ஊசின்னா எனக்கு நடுக்கம்."

ஆஸ்பத்திரியில் சுபலட்சுமி டாக்டர் அறைக்குள் தனியாகப் போய் வெகுநேரம் பேசினாள். பிறகு ராதிகாவையும் உள்ளே கூப்பிட்டாள். தூக்கம் வருதா, அசதியா இருக்கா, முடி கொட்டுதா என்று டாக்டர் இவளையும் நாலு கேள்வி கேட்டார்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் சுபலட்சுமி பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"உன்னையும் பாத்துடலாம்னாரு. நீ மொதல்ல குடு. பாத்தா எனக்குத் தைரியம் வரும்."

ராதிகா கையை நீட்டினாள். எடுத்து முடித்து, பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பினால் சுபலட்சுமி வாசலில் நின்றாள்.

"தைரியம் வரலடி. இன்னொரு நாள் பாத்துக்கலாம். ஜல்தியா வா, பஸ் போயிடும்."

வீட்டில் அவ்வளவு அதிகாரம் பண்ணுகிறவளுக்கு ஒரு ஊசிக்குப் பயம்! பஸ்ஸில் வரும்போது ராதிகாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

புதன்கிழமை மதியம் பட்டு முதலாளி சடையப்பன் வந்தார். முகம் சரியில்லை. கையில் ஒரு சேலை. அவரிடம் பாவு நூல் வாங்கி வருவது, சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சுபலட்சுமிதான். அதனால் அவள் பேரைத்தான் கூப்பிட்டார்.

"சுபலட்சுமி, இன்னாம்மா இது?"

சேலையைத் தரையில் விரித்தார். "பூ வரிசைக்கு நடுவுல ஒரு சாண் வரணும். இங்க பாரு, நாலு விரல். இங்க பாரு, ஒன்றரை சாண். எண்ணி நெய்தியா, தூங்கிகினே நெய்தியா? கல்யாணப் பொண்ணுக்கு எடுத்தவங்க மூஞ்சியில விட்டெறியாத கொறை!"

அடுப்படி வாசலில் நின்ற ராதிகாவுக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. நல்லா வேணும்.

"இருபது வருஷம் நெய்த கை இது. உங்கிட்டயா இந்தத் தப்பு?"

"என் தப்புதான் முதலாளி. கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு."

"அப்ப இனிமே நீ சாதா சேலைதான். பூ போடற ஜக்கார்டு பெட்டியைக் கழட்டிகினு போக ஆள் அனுப்பறேன். பூ போட்ட புட்டாச் சேலை உன் ஓரகத்தி நெய்யட்டும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ராதிகா மெல்ல வந்து சேலையைப் பார்த்தாள். செங்கல் நிறம், பச்சைக் கரை.

சுபலட்சுமியின் தறியில் இரண்டு மாதமாக ஓடியது மயில் கழுத்து நிறம்.

"அக்கா... இது என் தறியில அறுத்த சேலை."

"தெரியும்."

"நானா இப்படி நெய்தேன்? எனக்கு ஞாபகமே இல்லியே!"

"தப்பு கண்ணுல பட்டப்ப எல்லாம் உன்னை அனுப்பிட்டு நான் உக்காந்து பிரிச்சு நெய்தேன். இது மட்டும் தப்பிப் போச்சு." சுபலட்சுமி சேலையை மடித்தாள். "காலையில உன் ரத்த ரிசல்ட் வாங்கியாந்தேன். பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு தைராய்டு கொறஞ்சிடுமாம். மறதியும் அசதியும் அதாலதானாம். சீக்கிரம் கூட்டியாந்தீங்க, நல்லதுன்னாரு டாக்டர். தினம் வெறும் வயித்துல ஒரு மாத்திரை. மெல்ல சரியாயிடும், பயப்படாத."

"இதை முதலாளிகிட்ட சொல்லக் கூடாதாக்கா? உங்க பெட்டி போச்சே!"

"சொல்லியிருந்தா உன் பெட்டியக் கழட்டியிருப்பாரு. நாளைக்கு ஞாபகம் திரும்பி வர்றப்ப, நீ உக்கார ஒரு எடம் வேணாமா?"